மிதப்பதெல்லாம்

அக்டோபர் 31

காலையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மேல் விழுந்து கிடந்தது. எடுத்து வந்து மூடி, மேலே கல் வைத்தேன். புயல் மேற்கே லட்சத்தீவுப் பக்கம் போய்விட்டதாம், நம் கரைக்கு ஒன்றுமில்லையாம். டிவியில் சொல்கிறார்கள். கரைக்கு ஒன்றுமில்லைதான். கரையில் யார் இருக்கிறார்கள்? புன்னைத்துறை ஆண்களில் பாதிப் பேர் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்கு அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார்கள்.

எங்கள் படகு சலேத் மாதாவில் நான்கு பேர். என் வீட்டுக்காரர்தான் டிரைவர். கூட லியோன், இன்னாசி, சகாயம். கொச்சியில் ஐஸ் ஏற்ற வந்தபோது அவர் போன் செய்தார். அரிசி போதுமா என்று கேட்டேன். "நீ அளந்து வச்ச அரிசில்லா, எப்பிடிப் பத்தாம போவும்" என்றார். அவர் பேச்சே இப்படித்தான். பாராட்டுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை. வந்ததும் கேட்க வேண்டும்.

நவம்பர் 3

எங்களுடையது தவிர எல்லாப் படகும் வந்துவிட்டது. துணி துவைத்தேன்.

நவம்பர் 8

படகு கிடைத்துவிட்டது. படகு மட்டும்.

மினிக்காய் தீவுக்குத் தெற்கே சூரை மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்து இழுத்து வந்து கட்டியிருக்கிறார்கள். உடைசல் இல்லை, ஓட்டை இல்லை. என்ஜின், பேட்டரி, ஜிபிஎஸ் எல்லாம் இருக்கிறது. ஆள் இல்லை. மீனவர் சங்கத்துச் செயலாளர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

மாலையில் லியோனின் மனைவி பெனிட்டா வந்தாள். கூட இன்னாசியின் அண்ணன், சகாயத்தின் அம்மா. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நல்ல படக விட்டுட்டு எதுக்குக்கா எறங்குவாவ? எம் மாப்பிள்ளைய எங்க கொண்டு விட்டாரு ஒங்க வீட்டுக்காரரு?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மை அதுதான். அவள் நம்பவில்லை. ஊரில் வேறு பேச்சு ஓடுகிறதாம். கடத்தல் படகில் ஏறிப் போய்விட்டார்களாம். பயந்து இறங்கி ஓடினார்களாம். கடலில் எங்கே இறங்கி எங்கே ஓடுவது என்று பேசுகிறவர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

நவம்பர் 10

மகள் செரபின் பள்ளியில் ஒரு பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "உங்கப்பா பயந்தாங்குளி" என்றாளாம் அந்தப் பெண். ஆறாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். வரும் வழியில் அவளுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

பங்கு சாமியார் வந்தார். நால்வருக்கும் இறந்தவர்களுக்கான பூசை வைக்கலாம் என்றார்.

"உயிரோட இருக்கவங்களுக்கு என்ன பூசை உண்டோ, அத வைங்க ஃபாதர்" என்றேன்.

படகை மீட்க உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்று மீன்துறையில் சொல்லிவிட்டார்கள். உரிமையாளர் நான்தான். கொழுந்தன் அமலதாசும், என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமா முறையான சிந்தாத்துரை மாமாவும் துணைக்கு வருகிறார்கள். மாமா பழைய டிரைவர். படகை ஓட்டி வர அவரைவிட ஆள் கிடையாது.

"கையெழுத்துப் போட்டுட்டு நீ கப்பல்ல திரும்பிரு மக்கா. நாங்க படக கொண்டாந்துருவோம்" என்றார் மாமா.

"நானும் படகுலதான் மாமா வாறேன்."

"பொம்பள ஏறின வழக்கம் கெடையாதே."

"படகுக்குச் சலேத் மாதான்னுதானே பேரு வச்சிருக்கு? அவ ஆம்பளையா?"

அமலதாஸ் சிரித்துவிட்டான். மாமா சிரிக்கவில்லை.

நவம்பர் 16, மினிக்காய்

கொச்சியில் அனுமதிக்கு அலைந்தது, கப்பலில் வந்தது, இதையெல்லாம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. படகைப் பார்த்துவிட்டேன்.

தென்னை மரங்களுக்குக் கீழே, கண்ணாடி மாதிரித் தண்ணீரில், ஒன்றும் நடக்காதது போல நிற்கிறது. முன்பக்கம் மாதா படத்துக்கு நான் போட்ட பிளாஸ்டிக் மாலை கூட அப்படியே இருக்கிறது. கோபம் வந்தது.

உள்ளே ஏறியதும் கால் வழுக்கியது. மேல்தளம் முழுக்க டீசல் பிசுக்கு. சுக்கான் அறைக்குள் தரையில் அரிசி கொட்டிக் கிடந்தது. சிந்தியதல்ல, மொத்தமாகக் கவிழ்த்துக் கொட்டியது. நனைந்து, புளித்து, நாறிப்போய். கல் பொறுக்கி, வெயிலில் காய வைத்து, ஈரம் படாமல் இருக்க நீல டிரம்மில் போட்டு அனுப்பிய அரிசி. அதை அள்ளிக் கடலில் போடும்போது அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

படகைப் பிடித்து வந்தவர் பெயர் ஹசன். மலையாளமும் கையாட்டமுமாகப் பேசினார். படகுக்குக் கீழே, அதைத் தள்ளும் விசிறியில் ஒரு வலை இறுகச் சுற்றியிருந்ததாம். முங்கி அறுத்து எடுத்து வைத்திருந்தார். பச்சை வலை. எங்கள் வலை நீலம்.

"வேற ஆளு வலை மைனி" என்றான் அமலதாஸ்.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. மேல்தளத்து டீசலைக் காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருசம் சுக்கான் புடிச்சிருக்கேன். முங்குற படகுல இருந்துகூட டிரைவர் கடைசியாத்தான் எறங்கணும். முங்காத படக விட்டுட்டு எறங்கினவன நான் கண்டதில்ல. அதுவும் டீசலக் கொட்டி, சோத்தக் கொட்டி… என்ன புத்தியோ."

எனக்கும் அதே கேள்விதான் என்பதை அவரிடம் காட்டிக்கொள்ள விருப்பமில்லை.

நவம்பர் 17, கடலில்

வாந்தி. வாந்தி. மறுபடி வாந்தி. அவர் ஒருநாளும் இதைப் பற்றிச் சொன்னதில்லை. என்ஜின் சத்தம் பல்லுக்குள் கேட்கிறது. படுக்க இடம் சுக்கான் அறை மூலைதான், அவர் படுக்கும் இடம். வேறு இடம் இல்லாததால் அங்கே படுத்தேன். அவர் நீட்டிப் படுக்க முடியாது. காலை மடக்கித்தான் படுத்திருப்பார். வீட்டில் ஏன் கட்டில் முழுவதையும் பிடித்துக்கொள்கிறார் என்று இப்போது தெரிகிறது.

நவம்பர் 18, கடலில்

இன்று எழுந்து உட்கார முடிந்தது. கடல் அமைதி. ஆனாலும் படகு ஆடுவதால் எழுத்து கோணிப்போகிறது.

மேல்தளத்து டீசல் பிசுக்கைக் கழுவலாம் என்று எழுந்தேன். சும்மா இருந்தால்தான் தலை சுற்றுகிறது. அமலதாசிடம் வாளி கேட்டேன். தேடினான். இல்லை. சரி, டீசல் கேன் ஒன்றை வெட்டித் தா என்றேன். கேனும் இல்லை. டீசல் கேன் நான் எண்ணி ஏற்றியது எனக்குத் தெரியும், ஒன்றுகூட இல்லை. குடிதண்ணீர் டிரம் இல்லை. அரிசி இருந்த நீல டிரம் இல்லை.

"கள்ளன் எடுத்துட்டுப் போயிருப்பான் மைனி."

"கள்ளன் பேட்டரிய விட்டுட்டு வாளிய எடுப்பானால?"

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. படகின் முன்னிருந்து பின்வரைக்கும் நடந்தேன். நங்கூரம் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. இரும்புச் சட்டி, கத்தி, ஸ்பேனர், அவருடைய கைபேசி, எல்லாம் இருக்கிறது. ஐஸ் அறைக்கு மேலே தெர்மாகோல் வைத்த மூடிகள் இல்லை. உட்காரும் பலகை இல்லை. உயிர்காப்பு வளையம் இல்லை. வலை குவிந்து கிடக்கிறது, அதில் இருக்க வேண்டிய மிதவை ஒன்றும் இல்லை. எல்லாம் கத்தியால் அறுக்கப்பட்டிருக்கிறது.

சுக்கான் அறைக்குக் கதவு இல்லை என்பதை ஏறிய நாளே பார்த்திருந்தேன். புயல் பிடுங்கியது என்று நினைத்தோம். இப்போது கிட்டப் போய்ப் பார்த்தேன். கீல் உடையவில்லை. திருகாணிகளைக் கழற்றி எடுத்திருக்கிறது. அந்தத் திருகாணிகள் ஜிபிஎஸ் பெட்டிக்குப் பின்னால், டீ கிளாசுக்குள் கிடந்தன. பத்திரமாக. வீட்டில் மின்விசிறி கழற்றினாலும் அவர் இப்படித்தான், திருகாணியை ஒரு கிளாசில் போட்டு வைப்பார். திருப்பி மாட்ட வேண்டும் அல்லவா.

மாமாவிடம் போனேன்.

"மாமா, இந்தப் படகுல மெதக்கிற சாமான் ஒண்ணாவது இருக்கா பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். சுக்கானை அமலதாசிடம் கொடுத்துவிட்டு இறங்கி, நான் நடந்த மாதிரியே முன்னும் பின்னும் நடந்தார். வலையைக் கையில் எடுத்து அறுபட்ட முனைகளைத் தடவினார்.

"கேனு மெதக்கணும்னா டீசலக் கொட்டணும். டிரம்மு மெதக்கணும்னா அரிசியக் கொட்டணும். குடிக்கிற தண்ணியக்கூட கொட்டியிருக்காவ மாமா. தண்ணிக்குள்ள ஆளு கெடந்திருக்கு. நம்ம ஆளோ, பச்ச வலைக்காரன் ஆளோ. கீழ விசிறியில வலை சுத்திக் கெடக்கு, படக அவங்ககிட்ட கொண்டு போக முடியல. அதான் மெதக்கிறது எல்லாத்தையும் எறிஞ்சிருக்காவ."

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அவன் கடைசியாத்தான் எறங்கியிருக்கான்" என்றார்.

"ஆமா மாமா."

"கடைசியாத்தான்" என்று மறுபடி சொல்லிக்கொண்டே சுக்கானுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு வாந்தி வரவில்லை.

நவம்பர் 19

குமரி முனையைச் சுற்றினோம். கோவில் தெரிந்தது, பாறை தெரிந்தது. கடல் மூன்று பக்கத்திலிருந்தும் தள்ளுகிறது. மாமா என்னைக் கூப்பிட்டுச் சுக்கானைப் பிடிக்கச் சொன்னார். "வழக்கம் கெடையாதே மாமா" என்றேன். "புடி மக்கா" என்றார். எவ்வளவு கனம் அது. என் வீட்டுக்காரருடைய வலது தோள் ஏன் எப்போதும் இறங்கியே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 20

கரைக்கு வந்துவிட்டோம். ஊரே நின்றது. நான் படகின் முன்பக்கம் நிற்பதைப் பார்த்துச் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எதற்கென்று தெரியவில்லை.

பெனிட்டா முன்னால் நின்றாள். முந்தானை வாயில். நான் இறங்கவில்லை. இறங்கினால் என் குரல் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்காது.

"எல்லாரும் ஏறிப் பாருங்க" என்றேன். "இந்தப் படகுல ஒரு வாளி இருந்தா எடுத்துக் காட்டுங்க. ஒரு கேனு, ஒரு பலகை, ஒரு மிதப்பு. கதவக்கூட கழத்தித் தண்ணியில போட்டிருக்காரு. பெனிட்டா, ஒம் மாப்பிள்ள தண்ணிக்குள்ள கெடந்திருக்கான். அவன விட்டுட்டு எங்க வீட்டுக்காரரு ஓடல. அவனுக்காகத்தான் இந்தப் படகு மொட்டையா வந்திருக்கு."

சிந்தாத்துரை மாமாவும் பேசினார். "நான் பாத்துட்டேன். அவ சொல்லுதது சத்தியம்."

இளவட்டங்கள் ஏறினார்கள். ஒருத்தன் கையை விரித்துக்கொண்டு இறங்கினான். கூட்டம் கலையும்போது ஆண்கள் சிலர் படகின் பக்கவாட்டில் கையை வைத்துவிட்டுப் போனார்கள், கோவிலில் மாதா சொரூபத்தைத் தொடுவது போல.

வீட்டுக்கு வந்து செரபினிடம் எல்லாம் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொல், சடையை மட்டும் பிடிக்காதே என்றேன்.

நவம்பர் 22

நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். கிறிஸ்துமசுக்கு அவருக்கு அதுதான் பிடிக்கும்.

நவம்பர் 25

பெனிட்டா தெரு முனையிலிருந்தே அலறிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் போன். "அக்கா, லியோன்! லியோன்க்கா!"

ஓமான் நாட்டில் சலாலா துறைமுகத்திலிருந்து பேசினான். குஜராத்துக்காரர்களின் சரக்கு உரு, பெரிய மரக்கப்பல் ஒன்று, அவர்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. புயலில் அவர்கள் வயர்லெஸ்ஸும் கெட்டு, என்ஜினும் பாதியாகி, கரை சேர இத்தனை நாள் ஆகிவிட்டதாம்.

எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஏழு பேருக்கா."

பெயர்களைச் சொல் என்றேன். லியோன், இன்னாசி, சகாயம். பிறகு நான் கேள்விப்படாத நான்கு பெயர்கள். சொல்லிவிட்டு அவன் அழுதான். நான் போனைப் பெனிட்டாவிடம் கொடுத்தேன். அவள் பேசட்டும், எவ்வளவு நாளாகிறது அவள் பேசி.

சகாயத்தின் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். இன்னாசி வீட்டுக்கும் போனேன். வந்து பாத்திரம் கழுவினேன். பிறகு செரபினை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மடியில் உட்காரும் வயது தாண்டிவிட்டது, கால் தரையில் இழுபட்டது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 4

மூவரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். லியோன் தன் வீட்டுக்குப் போகும் முன் என் வீட்டுக்கு வந்தான். கறுத்து, உதடெல்லாம் வெடித்து. பெனிட்டாவும் மாமாவும் கூட இருந்தார்கள். அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"கவுந்த வள்ளம் ஒண்ணு. குமரி மேக்கு கரைக்காரப் பயலுவ நாலு பேரு அதுமேல தொத்திக்கிட்டுக் கெடந்தாவ. கிட்டப் போனோம். அவங்க வலை நம்ம விசிறியில சுத்திட்டு, என்ஜினு நின்னு போச்சி. நானும் இன்னாசியும் கயித்தக் கட்டிட்டுக் குதிச்சோம். சகாயம் விசிறிய அறுக்க எறங்கினான், அலை அவனையும் கொண்டு போயிட்டு. எங்க கயிறும் அந்துட்டு. படகு காத்துக்குத் தள்ளித் தள்ளிப் போகுது. நீந்திப் புடிக்க முடியல.

"அண்ணன் மட்டும் மேல நிக்காரு. கேனக் கவுத்து ஊத்துதாரு, மூடிய இறுக்குதாரு, எறியுதாரு. பொறவு டிரம்மு, பலகை, கதவு. நாங்க ஒவ்வொண்ணாப் புடிச்சிக்கிட்டோம். எறிய ஒண்ணும் இல்லன்னு ஆனதும் மிதப்பு அம்புட்டையும் கயித்துல மாலையாக் கோத்து இடுப்புல சுத்திக்கிட்டுக் குதிச்சாரு. 'அண்ணே, படகு!'ன்னு கத்தினேன். 'படக அவ பாத்துக்கிடுவா, நீ கையத் தா'ன்னாரு."

இந்த இடத்தில் மாமா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"எட்டுப் பேரையும் அந்த மாலைல கட்டிப் போட்டாரு. அந்தப் பயலுவகிட்ட 'பேரு என்னல'ன்னு ஒவ்வொருத்தனா கேட்டாரு. என்னத்துக்குன்னு எங்களுக்கு வெளங்கல. இருட்டினதும் பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாரு. கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லணும். சொல்லலன்னா கெட்ட வார்த்த. விடிய விடியக் கூப்பிட்டாரு. மறுநாளும் அப்பிடித்தான். ரெண்டாம் ராத்திரி அவரு கொரலு கம்மிப்போச்சி, ஆனா கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு. ஒறங்கினவன் போயிருவான்க்கா. ஒருத்தனையும் ஒறங்க விடல. விடியக்காலம் எல்லாரும் முழிச்சிக் கெடக்கோம். யாரும் பேரு கூப்பிடல. அப்பந்தான் தெரிஞ்சிது."

லியோனுக்குச் சோறு போட்டேன். வாளைக் கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 8

மாதா திருநாள். அவருக்கும் பூசை. இப்போது சரி என்றேன். வெள்ளை உடுத்தச் சொன்னார்கள். போன வருடம் அவர் எடுத்துத் தந்த மயில்கழுத்துச் சேலையை உடுத்திக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

டிசம்பர் 15

படகு வரும் வாரம் கடலுக்குப் போகிறது. லியோன் டிரைவர். அவன்தான் வந்து கேட்டான், தயங்கித் தயங்கி. போ என்றேன். கரையில் நிறுத்தி வைக்க இது என்ன சிலையா? காலையிலிருந்து புதுச் சாமான்கள் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மதியம் ஒரு வேன் வந்து நின்றது. கவிழ்ந்த வள்ளத்தில் இருந்த நால்வரில் ஒருவன், பெயர் டைட்டஸ், இருபது வயதுகூட இருக்காது. கூட அவன் அம்மா. மீன் விற்கிற பெண் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி என்றோ வேறு எதுவோ சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை.

"அந்த படக ஒண்ணு பாக்கணும் மக்களே" என்றார்.

கூட்டிப்போனேன். ஏறலாமா என்று கண்ணால் கேட்டார். கையைக் கொடுத்து ஏற்றிவிட்டேன். மெதுவாக நடந்தார். என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். புதுக் கதவைத் திறந்து மூடினார். சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். டைட்டஸ் கரையிலேயே தலைகுனிந்து நின்றான். மேலே ஏற அவனுக்கு மனம் வரவில்லை போல.

"இத்தனை நல்ல படகையா விட்டாரு, எனக்க மவனுக்கு வேண்டி?" என்றார்.

"ஆமா."

"நல்ல படகு."

"எங்க ஊர்ல இதவிட நல்ல படகு கெடையாது" என்றேன்.